எட்டு வயது அளவு

பெரியவளுக்குப் பயப்படக் காரணம் எதுவும் தேவையில்லை. காரணம் கிடைக்காத நாளில், ஏன் கிடைக்கவில்லை என்று பயப்படுவாள். அவளுடைய வீட்டுக்காரர் இதற்குப் பழகிப்போய், காலையில் காப்பியை நீட்டும்போதே, "இன்னிக்கு எதுக்கு?" என்று கேட்டுவிடுவார்.

அப்படிப்பட்டவள் சொந்தத் தொழில் தொடங்கியதே வேடிக்கை. அதிலும் எந்தத் தொழில்? வீட்டில் தாங்களே தைத்துக்கொள்கிறவர்களுக்குப் பேட்டர்ன் போட்டு விற்கும் தொழில். துணியை எந்த வளைவில் வெட்டுவது, எங்கே மடிப்பது, எதை எதோடு சேர்ப்பது என்று கோடு போட்டுக் காட்டும் தாள்கள். வாங்குகிறவர்கள் கம்ப்யூட்டரில் வாங்கி, அச்செடுத்து, தாள்களை ஒட்டி, வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டியதுதான். முகம் தெரியாத யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு சாப்பாட்டு மேசைமேல் துணியை விரித்து, இவள் போட்ட கோட்டை நம்பிக் கத்தரிக்கோலை வைக்கிறார். வெட்டிய துணி வெட்டியதுதான். பயந்தாங்கொள்ளிக்கு இதைவிட மோசமான பிழைப்பு தேடினாலும் கிடைக்காது.

ஆனால் அவள் இதற்கு வந்ததற்கு ஒரு கதை இருந்தது. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் ஒருநாள் அவள் தைத்த ஜாக்கெட்டை வகுப்பு முழுவதும் பார்க்கத் தூக்கிப் பிடித்து, "உனக்குத் தையல் வராதும்மா, வேற ஏதாவது பாரு" என்றார். பன்னிரண்டு வருடம் அவள் ஊசியைத் தொடவில்லை. பிறகு வீடு மாற்றும்போது பழைய டிரங்குப் பெட்டிக்குள் அந்த ஜாக்கெட்டும், டீச்சர் கொடுத்த வெட்டுத்தாளும் கிடைத்தன. சும்மா அளந்து பார்த்தாள். தாளிலேயே முன்பக்கத் தோள் முக்கால் அங்குலம் குட்டையாக இருந்தது. யார் தைத்திருந்தாலும் அது கோணிக்கொண்டுதான் போயிருக்கும்.

அன்றைக்கு அழுத அழுகைக்குப் பிறகுதான் பேட்டர்ன் போடக் கற்றுக்கொண்டாள். அதனால் அவளுடைய ஆயிரம் பயங்களில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது சில்லறை. ஒன்றுதான் பெரியது. தன் தாளை அச்சுப் பிசகாமல் பின்பற்றி, தைத்து, அது கோணலாகப் போய், யாராவது ஒருவர் 'எனக்குத் தையல் வராது' என்று நினைத்துவிடக் கூடாது. எல்லாப் பேட்டர்ன் அட்டையிலும் அவள் ஒரு வரி போடுவாள்: 'முதன்முறை தைப்பவருக்கும் சரியாக வரும்.'

நிறுவனம் என்று சொன்னால் நாலு மாடி, நாற்பது பேர் என்று நினைக்க வேண்டாம். மொத்தம் இரண்டு பேர். பெரியவள், அவளுடைய தங்கை சின்னவள். சின்னவள் வீட்டின் முன்னறைதான் அலுவலகம். நடுவில் ஒரு பெரிய மேசை. ஓரத்தில் இரண்டு தையல் மெஷின். ஜன்னல் பக்கம் கம்ப்யூட்டர். சுவரோரக் கம்பியில் இதுவரை வெளியிட்ட ஏழு பேட்டர்ன்களுக்கும் மாதிரிக்குத் தைத்த துணிகள் தொங்கும். பெரியவள் கோடு போடுவாள். மாதிரியும் அவளே தைப்பாள். சின்னவள் செய்முறைக் குறிப்பு எழுதுவாள், படம் வரைவாள், வாடிக்கையாளர்களின் கடிதங்களுக்குப் பதில் போடுவாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் தயார் பதில் உண்டு. வெட்டி ஒட்டி அனுப்ப அரை நிமிடம் போதும். தைக்க மட்டும் மாட்டாள்.

ஏழாவது பேட்டர்ன், சிறுமிகளுக்கான கை வைத்த கவுன். இரண்டு வயதிலிருந்து பத்து வயது வரைக்குமான அளவுகள் ஒரே தாளில். வெளிவந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இருநூற்று முப்பத்தொரு பேர் வாங்கியிருந்தார்கள். ஒரு பேட்டர்ன் இவ்வளவு வேகமாகப் போனது இதுதான் முதல் தடவை, அதனால் பெரியவளின் பயமும் வழக்கத்தைவிடக் கூடியிருந்தது.

அந்தப் புதன்கிழமை காலை பத்தரை மணிக்குச் சின்னவள் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தாள்.

"லிஃப்ட்காரர் இன்னிக்கும் எழுதிட்டாருக்கா. மனுஷன் விடமாட்டாரு போல."

"எந்த லிஃப்ட்காரர்?"

"திங்கக்கிழமையிலேந்து ஒருத்தர் எழுதறாரு. லிஃப்ட் மெக்கானிக்காம். பொண்ணுக்குக் கவுன் தைக்கறாராம், கை சேரலையாம். புதுசாத் தைக்கறவரு. நான் பதில் போட்டுட்டேன்."

புதிதாகத் தைப்பவர் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே பெரியவள் கையிலிருந்த பென்சிலை வைத்துவிட்டாள். "எழுந்திரு, நான் பாக்கறேன்."

மூன்று கடிதங்கள் இருந்தன. முதலாவதில் அவர், எட்டு வயது அளவில் வெட்டியதாகவும், கை, அதை வைத்துத் தைக்கும் கைக்குழியை முழுதாகச் சுற்றி வரவில்லை என்றும், தான் செய்த தவறு எங்கே என்று சொல்ல முடியுமா என்றும் கேட்டிருந்தார். சின்னவளின் தயார் பதில்: முதல் தாளில் உள்ள சோதனைச் சதுரத்தை அளந்து பாருங்கள், அது இரண்டு அங்குலம் இல்லையென்றால் அச்செடுத்ததில் தவறு. செவ்வாய்க்கிழமை அவர் எழுதியிருந்தார்: சதுரம் சரியாக இரண்டு அங்குலம், ஸ்டீல் அளவுகோலால் அளந்தேன், கையை மறுபடி வெட்டினேன், அதுவும் சேரவில்லை. சின்னவளின் பதில்: புதிதாகத் தைப்பவர்கள் வளைவான இடங்களில் துணியை அறியாமல் இழுத்துவிடுவதுண்டு.

மூன்றாவது கடிதம் அன்று காலை வந்தது.

'நீங்கள் சொன்னதுதான் சரியாக இருக்க வேண்டும். நான் இழுத்திருப்பேன். என் வேலையில் அரை அங்குலம் பிசகினால் லிஃப்ட் மாடிக்கு நேராக நிற்காது, அதனால் அளவில் கவனமாகத்தான் இருப்பேன். ஆனால் துணி விஷயம் வேறு போலிருக்கிறது. இரண்டு முறை வெட்டியாயிற்று. இன்னும் ஒரு ஜோடிக் கைக்குத்தான் துணி மிச்சம். இன்று வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்து கடைசியாக வெட்டிப் பார்க்கிறேன். வரவில்லை என்றால் எனக்கு இது வராது என்று விட்டுவிடுகிறேன். பெண்ணுக்குச் சனிக்கிழமை பள்ளியில் பாட்டு. கடையில் ஏதாவது வாங்கிக் கொடுத்துவிடலாம். தொந்தரவுக்கு மன்னிக்கவும்.'

பெரியவள் அந்த 'எனக்கு இது வராது' என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மன்னிப்பு வேறு கேட்கிறார் மனுஷன்.

"அவருக்கு ஃபோன் போடு."

"நம்பர் கிடையாதுக்கா. மெயில் மட்டும்தான்."

பெரியவள் அலமாரியிலிருந்து ஏழாவது பேட்டர்னின் மூலத்தாளை உருவி மேசையில் விரித்தாள். வளைவை அளக்க இன்ச் டேப்பைப் படுக்கையாக வைத்தால் ஏமாற்றும். விளிம்பில் நிறுத்தி, கோட்டின்மேல் எறும்பு ஊர்வதுபோல் நகர்த்த வேண்டும். எட்டு வயது அளவின் கைக்குழி, முன்னும் பின்னும் சேர்த்துப் பதினாலு அங்குலம். கையின் மேல்வளைவு பதின்மூன்று.

மறுபடி அளந்தாள். பதின்மூன்றேதான். கை எப்போதும் கைக்குழியைவிடத் துளி பெரிதாக இருந்தால்தான் சுருக்கமில்லாமல் உட்காரும். இது ஒரு அங்குலம் சின்னது. கடவுளே வந்து தைத்தாலும் சேராது.

எப்படி நடந்தது என்பது ஐந்து நிமிடத்தில் ஞாபகம் வந்துவிட்டது. கடைசி நேரத்தில், எட்டு வயது அளவுக்கு மட்டும் கைக்குழி இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றி, அரை அங்குலம் ஆழமாக்கினாள். அதற்கேற்பக் கையையும் பெரிதாக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்திருக்கிறது, அல்லது பால் பொங்கியிருக்கிறது. கையை மறந்துவிட்டாள்.

"தப்பு நம்மதுடி," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

சின்னவள் தாளையும் பார்க்கவில்லை, டேப்பையும் பார்க்கவில்லை. கதவுக்குப் பக்கத்திலிருந்த இழுப்பறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி மரம் மாதிரி நிக்கற? மெயில் அனுப்பு, வெட்டாதீங்கன்னு."

சின்னவள் உட்கார்ந்து தட்டினாள்: 'தயவுசெய்து இன்று வெட்ட வேண்டாம். பேட்டர்னை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்.' அவ்வளவுதான் எழுதினாள். அனுப்பியும்விட்டாள். மணி பதினொன்றரை.

அவர் இந்நேரம் எந்தக் கட்டடத்தின் எந்த லிஃப்ட் குழியில் தொங்கிக்கொண்டிருக்கிறாரோ. லிஃப்டுக்குள் இருப்பவருக்கு மெயில் எப்படிக் கிடைக்கும் என்று பெரியவள் கவலைப்பட்டாள். பிறகு, மெயிலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்து கை நசுங்கிவிட்டால் என்று கவலைப்பட்டாள். பயத்துக்கு இரண்டு பக்கமும் கூர்.

ஆனால் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அவளைக் குடைந்தது. பேட்டர்ன் வெளிவருவதற்கு முன்னால் எட்டுப் பேர் தைத்துப் பார்த்துச் சொல்வது அவர்கள் வழக்கம். எட்டு வயது அளவைத் தைத்தவர் பொத்தான் அக்கா. முப்பது வருடமாகத் தைப்பவர், வீட்டில் பதினேழு டப்பா பொத்தான் வைத்திருப்பவர். எல்லாம் அருமை என்று எழுதிக் கொடுத்திருந்தார். பெரியவள் அவருக்கு ஃபோன் போட்டாள்.

"அக்கா, அந்தக் கவுன்ல கை சேந்துச்சா உங்களுக்கு?"

"சேந்துச்சே. ஏன்?"

"கொஞ்சம்கூடக் குறையலையா?"

"ஆங், கொஞ்சம் பத்தல. கையோட அடித்தையலைக் கொஞ்சம் கம்மியாப் பிடிச்சேன், பக்கத்தையலைக் கொஞ்சம் கூடப் பிடிச்சேன், சரியாப் போச்சு. இதையெல்லாம் போயி எழுதுவாங்களாம்மா? தைக்கறப்போ எல்லாரும் செய்யறதுதானே."

"எழுதத்தான் அக்கா உங்ககிட்ட குடுத்தேன்," என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். ஏதோ தட்டியது. ஃபோனை வைத்துவிட்டுக் கம்பியில் தொங்கிய மாதிரிக் கவுனை இறக்கினாள். அதுவும் எட்டு வயது அளவுதான். சின்னவளின் பெண்ணுக்கு எட்டு வயது, அட்டைப் படத்துக்கு அவள்தான் போட்டுக்கொண்டு நின்றாள். படத்தில் கை பூப்போல உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வாங்கினார்கள்.

உள்பக்கத்தைத் திருப்பினாள். தையலுக்காக எல்லா இடத்திலும் அரை அங்குலம் துணி விட வேண்டும் என்று குறிப்பிலேயே இருக்கிறது. அக்குளுக்குக் கீழே, கையின் அடித்தையலில் கால் அங்குலம்தான் பிடித்திருந்தது. அதற்கு நேர் கீழே உடம்பின் பக்கத்தையலில் முக்கால் அங்குலம் பிடித்திருந்தது. கையைக் கால் காலாகப் பெரிதாக்கி, குழியைக் கால் காலாகச் சின்னதாக்கி, ஒரு அங்குலத்தைச் சத்தமில்லாமல் விழுங்கியிருந்தார்கள்.

யாரோ அல்ல, அவளேதான். ரேடியோ கேட்டுக்கொண்டே தைத்தது. துணி சேரவில்லை என்று விரலுக்குத் தெரிந்திருக்கிறது, விரலே சரிசெய்துவிட்டிருக்கிறது, தலைக்குச் சொல்லவே இல்லை. பத்துப் பதினைந்து வருடம் தைத்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. நன்றாகத் தைக்கத் தெரிந்த ஒருவர்கூட இந்தப் பிழையைக் கண்டுபிடித்திருக்க முடியாது. தைக்கத் தெரியாதவர்களிடம்தான் அது நேராகப் போய் மாட்டியிருக்கிறது.

பெரியவள் கவுனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் தனக்கு யார் எதைச் செய்தார்களோ, அதையே தானும் செய்திருக்கிறாள். டீச்சராவது வாயால் சொன்னார். இவள் வழவழப்பான படம் போட்டு, 'முதன்முறை தைப்பவருக்கும் சரியாக வரும்' என்று எழுதி வேறு அனுப்பியிருக்கிறாள்.

மூன்று மணி ஆயிற்று. மூன்றேகால் ஆயிற்று. சாப்பாடு ஆறிக் கிடந்தது. பெரியவள் ஜன்னலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடந்தாள். நாலு மணிக்குப் பதில் வந்தது.

'உங்கள் மெயிலை வெட்டிய பிறகுதான் பார்த்தேன். கவலைப்பட வேண்டாம். ஒரு காரியம் செய்தேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கோட்டைத் தாண்டிப் பக்கத்துக்கு அரை அங்குலம் கூட விட்டு வெட்டினேன். கை உட்கார்ந்துவிட்டது. நான் முதலில் செய்த தவறும் இந்தத் தவறும் சேர்ந்து நேராகிவிட்டன போலிருக்கிறது. பெண் இப்போதே போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்கிறாள். பொறுமையாகப் பதில் சொன்னதற்கு நன்றி.'

பெரியவளுக்கு மூச்சு வந்தது. அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள்.

"முடிஞ்சுதுக்கா," என்றாள் சின்னவள், அவசரமாக. "அவருக்கு வந்துடுச்சு. ஃபைலை மாத்திப் போட்டுடலாம். வேற யாருமே ஒண்ணும் எழுதல. இருநூத்தி முப்பத்தொரு பேர்ல ஒரே ஒருத்தர்."

ஒரு நிமிடம், மனசார, பெரியவளுக்கு அதில் ஆசை வந்தது. யாருக்கும் தெரியாது. கம்பியில் கவுன் தொங்கும், அட்டையில் வரி இருக்கும், நாளைக் காலை வீட்டுக்காரர் "இன்னிக்கு எதுக்கு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று சொல்லலாம். லிஃப்ட்காரரே சந்தோஷமாக இருக்கிறார்.

'நான் முதலில் செய்த தவறு' என்று எழுதியிருக்கிறாரே. அவர் செய்யாத தவறு.

"ஒரே ஒருத்தர்தான் எழுதினாருங்கறதுதான்டி எனக்குப் பயமா இருக்கு," என்றாள். "மத்தவங்க என்ன பண்ணாங்க? தெரிஞ்சவங்க சரிபண்ணிட்டுப் போயிருப்பாங்க. தெரியாதவங்க?"

சின்னவள் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் மெயில் போடு. நான் சொல்றேன், நீ அடி."

சின்னவள் 'சிறு மேம்படுத்தல்' என்று தலைப்பு அடித்தாள். பெரியவள் அழிக்கச் சொன்னாள். 'எட்டு வயது அளவில் சில பிரிண்டர்களில்' என்று சின்னவள் ஆரம்பித்தாள். அதையும் அழிக்கச் சொன்னாள். ஐந்தாவது தடவை இப்படி நின்றது: 'எட்டு வயது அளவில் கை ஒரு அங்குலம் சின்னதாக இருக்கிறது. தவறு எங்களுடையது. உங்களுக்குக் கை சேரவில்லை என்றால் நீங்கள் சரியாகத்தான் வெட்டியிருக்கிறீர்கள். திருத்திய தாள் இதனுடன் இருக்கிறது.' லிஃப்ட்காரருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி: நீங்கள் எதையும் இழுக்கவில்லை, முதலிலிருந்தே நீங்கள் செய்தது எல்லாம் சரி.

அனுப்பு என்ற பொத்தானை அழுத்தும்போது பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். இனி யார் நம்மிடம் வாங்குவார்கள் என்று நினைத்தாள்.

மறுநாள் காலை அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே சின்னவள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். பத்தொன்பது பதில்கள் வந்திருந்தன. பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒன்றுகூட இல்லை. பணத்தைக் கேட்பார்கள் என்றுதான் பெரியவள் எதிர்பார்த்திருந்தாள். திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள். வந்தவை வேறு மாதிரி இருந்தன.

'எனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்தேன்.' 'நாலு தடவை பிரித்துத் தைத்தேன், வீட்டில் கேலி செய்தார்கள்.' 'கையில்லாமல் தைத்துக் கொடுத்துவிட்டேன், அதுதான் புது டிசைன் என்று சொல்லிவிட்டேன்.' ஒருவர் மட்டும் நீளமாக எழுதாமல் ஒரே வரி எழுதியிருந்தார்: 'அன்றைக்கு மூடி வைத்த மெஷினை இன்னும் திறக்கவில்லை.'

பெரியவள் நின்றபடியே படித்தாள். பத்தொன்பது பேர், பத்தொன்பது சாப்பாட்டு மேசை. ஒருவருக்கும் தாளைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

"இவங்களுக்கு என்ன பதில்டி போடறது?"

சின்னவளிடம் தயார் பதில் இல்லை. அவள் எழுந்து, கதவுக்குப் பக்கத்து இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே மஞ்சள் துணியில் ஒரு கவுன். உடம்பு தைத்து முடிந்திருந்தது, கழுத்துப் பட்டிகூட ஒழுங்காக இருந்தது. கை இல்லை. வெட்டிய கைகள் நாலு, குண்டூசி குத்தியபடி தனியாகச் சுருட்டிக் கிடந்தன.

பெரியவளுக்கு ஞாபகம் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், "எல்லாருக்கும் எப்படித் தைக்கறதுன்னு எழுதறேன், என் பொண்ணுக்கு நானே ஒண்ணு தைச்சுப் பாக்கறேன்" என்று சின்னவள் துணி வாங்கினாள். பிறகு கேட்டபோது, "அவளுக்கு அந்தக் கலர் பிடிக்கலையாம்க்கா" என்று பேச்சை மாற்றினாள்.

"இருபதாவது ஆள்," என்றாள் சின்னவள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? குறிப்பு எழுதினதே நான். அதைப் படிச்சு எனக்கே தைக்க வரலன்னா? நீ அட்டைல வேற எழுதியிருக்க, முதல் தடவை தைக்கறவங்களுக்கும் வரும்னு." மூக்கை உறிஞ்சினாள். "லிஃப்ட்காரர் எழுதினப்போ, என்னை மாதிரியே ஒரு மக்குன்னு நினைச்சேன். அதான் அப்படிப் பதில் போட்டேன்."

பெரியவள் சுருட்டிக் கிடந்த கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் நீவினாள். மூன்று வாரம், இந்த அறையில், இதே மேசையில், ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்தவள். தான் பயந்தது கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவருக்குத்தான் நடக்கும் என்று பெரியவள் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சள் துணியில் இன்னும் ஒரு ஜோடிக்கு மிச்சம் இருந்தது. பெரியவள் திருத்திய தாளை எடுத்து அதன்மேல் விரித்தாள், கத்தரிக்கோலைத் தங்கையின் பக்கம் தள்ளினாள். ஒரு நாற்காலியை மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீயே வெட்டு. நீயே தை. எங்கயாவது சேரலன்னா கத்து, நான் தாளைத் திருத்தறேன்."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோட்டின்மேல் வெட்ட ஆரம்பித்தாள். மெதுவாக, கோணலாக, நாக்கைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். பெரியவளின் விரல்கள் துடித்தன. துணியை ஒரு நூல் இந்தப் பக்கம் நகர்த்தினால் போதும். அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.